சாரம் தோட்டத்தில் உப்பு

கலைவாணி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தியபோது தோட்டம் செத்துக் கிடந்தது. தக்காளி நாற்றுகள் இலையோரம் கருகிச் சுருண்டிருந்தன. கீரைப் பாத்திகளில் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. திறந்த பூட்டைக் கையில் பிடித்தபடி கதவருகே ஸ்டெல்லாமேரி நின்றாள். பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருப்பவள். தோட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருத்தி.

"நாலஞ்சு நாளாவே வாடிக்கிட்டுதாம்மா இருந்துச்சு. இன்னைக்கு மொத்தமா போச்சு" என்றாள்.

2007, பிப்ரவரி மாதக் கடைசி. கலைவாணி நகரமைப்பு அலுவலகத்திலிருந்து சாரம் பகுதிக்கு ஆய்வுக்கு வந்திருந்தாள். நகர வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை நிறம்: திறந்தவெளி, வீடு கட்டக்கூடாது. பூங்காவுக்கென்று ஒதுக்கி, பூங்கா வராமல் குப்பைமேடாகக் கிடந்ததை, அக்கம்பக்கத்தார் கூடித் தோட்டமாக்கியிருந்தார்கள். இப்போது நிலத்தின் வாரிசான ஜானகிராமன் மனுப் போட்டிருந்தார். நிலத்தடி நீரில் உப்பு ஏறிவிட்டது, இனி அங்கே ஒன்றும் விளையாது, குடியிருப்பு மனையாக மாற்றித் தரவேண்டும் என்பது அவர் கோரிக்கை. கலைவாணியின் அறிக்கையை வைத்துத்தான் முடிவு.

பாத்திகளுக்குப் பாய்ச்சும் தண்ணீரைச் சிமெண்டுத் தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டவள் உடனே துப்பினாள். கரித்தது. மனுவில் உள்ளது உண்மைதான் போலும். பாவமாக இருந்தது, ஆனால் பாவம் பார்த்து அறிக்கை எழுத முடியாது.

திரும்பும்போதுதான் அவள் கண் குழாயில் பட்டது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தொட்டிக்கு வரும் குழாயின் இணைப்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தில் ஒரு புல்திட்டு தளதளவென்று வளர்ந்திருந்தது. மோட்டாரைப் போடச் சொன்னாள். தண்ணீர் தொட்டியில் விழும் குழாய்வாயில் கையேந்திக் குடித்தாள். நல்ல தண்ணீர்.

"கீழ உப்பு ஏறலக்கா. தொட்டியிலதான் யாரோ உப்பைக் கொட்டியிருக்காங்க."

ஸ்டெல்லாமேரியும் குழாயில் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தாள்.

சுற்றுச்சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகள் பதிக்கப்பட்டிருந்தன. பூட்டு உடைபடவில்லை. சாவி ஸ்டெல்லாமேரியிடமும், அவளைப் போல அங்கே பாத்தி வைத்திருந்த பலராமனிடமும் புருஷோத்தமனிடமும் மட்டும்தான் இருந்தது. கலைவாணி பாத்திகளை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தாள். தப்பித்த பாத்தி என்று ஒன்றுகூட இல்லை. பலராமனுடையதில் அவரை நாற்று கருகியிருந்தது. புருஷோத்தமனுடையதில் வெண்டைச் செடிகள் குச்சியாக நின்றன. முற்றி வெடித்த நெற்றுகள் காற்றில் கலகலத்தன.

ஜானகிராமனைப் போனில் கேட்டதற்கு, சட்டப்படி மனுப் போட்டவன் சாவியைத் தேடி ஏன் அலையவேண்டும் என்று அமைதியாகத் திருப்பிக் கேட்டார். பெரிய மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பலராமன் செய்தி கேட்டு ஓடிவந்து, இது ஜானகிராமன் வேலைதான் என்று அடித்துச் சொன்னார்.

புருஷோத்தமன் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு தோட்டத்துக்குப் பின்னால், சுவரை ஒட்டி இருந்தது. இரண்டு மதில்களுக்கு நடுவே இருந்த சந்தில் கலைவாணி தோளைச் சாய்த்துக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது. உள்ளே அவர் மனைவி ராஜாம்பாள் கட்டிலில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்ப சார் விதைச்சீங்க?"

"எல்லாரும் போட்டப்பதான். பொங்கல் கழிச்சு."

"என்ன போட்டீங்க?"

"வெண்டக்கா. எல்லாம் போச்சு."

"உப்பு போட்டது யாரா இருக்கும்?"

"தெரியலம்மா." அவர் மனைவியின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

கலைவாணி அவரைத் தோட்டத்துக்கு வரச் சொன்னாள். மற்ற இருவரும் அங்கே காத்திருந்தார்கள். அவர் பாத்தியிலிருந்து ஒரு வெண்டை நெற்றைப் பறித்து அவர் கையில் வைத்தாள்.

"உப்பைக் கொட்டினது நீங்கதான் சார்" என்றாள். "பொங்கலுக்கு அப்புறம் போட்ட செடி இப்பதான் பூ வைக்கும். இது காய் முத்தி வெடிச்சிருக்கு. போன பட்டத்துச் செடி, வயசாகி தானா காஞ்சது. செத்த தோட்டத்துல செத்த செடி, அதனால யாரும் உத்துப் பாக்கல. எல்லாரும் புதுசா விதைச்சாங்க, நீங்க விதைக்கல. ஆனா விதைச்சேன்னு சொன்னீங்க. எப்படியும் கருகப்போவுதுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

பலராமன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஸ்டெல்லாமேரி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

புருஷோத்தமன் மறுக்கவில்லை. மழைக்காலத்தில் ராஜாம்பாளுக்கு மூச்சு நின்றுபோகப் பார்த்ததையும், ஆம்புலன்ஸ் தெருவிலேயே நின்றதையும், நாற்காலியில் வைத்துச் சந்து வழியே அவளைத் தூக்கிவந்தபோது பாதியில் நாற்காலி மதிலில் சிக்கிக்கொண்டதையும் மெதுவாகச் சொன்னார். மனையாக மாறினால் ரோடு விட்டாகவேண்டும், அது தன் வாசலை ஒட்டித்தான் வரும் என்று மனுவைக் கேள்விப்பட்டதும் கணக்குப் போட்டிருக்கிறார். ஜானகிராமன் அவரிடம் பேசியதுகூட இல்லை.

"தோட்டம் இருக்கிற வரைக்கும் எனக்கு வழி இல்லம்மா."

கலைவாணி பின்சுவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "திறந்தவெளியில கட்டடம்தான் சார் கூடாது. பாதை போடலாம். யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

புருஷோத்தமன் நெற்றைத் தொட்டித் திண்டில் வைத்தார். அவர் யாரையும் கேட்டதில்லை.

நிலம் கெடவில்லை, பச்சை நிறம் மாறவேண்டியதில்லை என்று அறிக்கை எழுதப்போவதாகக் கலைவாணி சொன்னாள். நல்ல தண்ணீரை நிறையப் பாய்ச்சினால் மண்ணில் உள்ள உப்பு இறங்கிவிடும். ஆனால் பாதை போடுவதென்றால் சுவரோரப் பாத்திகள் போகும். அங்கே இருப்பவை எல்லாம் ஸ்டெல்லாமேரியுடையவை. அவளாக மனம் வைத்தால்தான் உண்டு.

ஸ்டெல்லாமேரி கருகிய தக்காளி நாற்று ஒன்றைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு புருஷோத்தமன் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

கொடுத்தார்.

"இனிமே உங்களுக்கு இங்க பாத்தி கெடையாது."

அவர் தலையாட்டினார். அவள் கலைவாணியின் பக்கம் திரும்பினாள்.

"ஆம்புலன்ஸ் உள்ள வர்றதுக்கு எவ்ளோ அகலம் வேணும்மா? அளந்து சொல்லு."