மதிலுக்கு அந்தப் பக்கம்

அன்று மாலை வந்த புகையில் அவர்கள் வீட்டுத் தலையணையின் வாசனை இருந்தது.

தையல்காரிக்கு மூக்கு தப்பாது. துணியில் சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுவாள். பருத்தி காகிதம்போலக் கருகும், பட்டு முடிபோல நாறும். பொழுது சாய்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து மதிலேறி வரும் புகையையும் அப்படியே பிரித்தறிவாள்: ஈரச் சருகு, பால் கவர், பிய்ந்த செருப்பு. ஆனால் இது மகளின் தலை எண்ணெயும் தூக்கத்தில் வழிந்த எச்சிலும் ஊறிய பஞ்சு.

உள்ளே ஓடினாள். தலையணை கட்டிலிலேயே இருந்தது. அதில் சாய்ந்து படம் வரைந்துகொண்டிருந்த மகளின் ஒவ்வொரு மூச்சும் சன்னமான விசிலில் முடிந்தது. குனிந்து தலையணையை முகர்ந்தாள். அதில் எந்த வாசனையும் இல்லை.

மதிலருகே போய் நின்றாள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் கழியால் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"சார், பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. தயவுசெஞ்சு அணைச்சிடுங்களேன்."

"காத்து உன் பக்கம் அடிச்சா நான் என்னம்மா பண்ணுவேன்? கயிறு போட்டுக் கட்டவா?"

"முனிசிபல் ஆபீஸ்ல புகார் எழுதிக் குடுத்தோம் சார்."

"வந்தாங்களே. வந்த தம்பி நின்னு நல்லாக் குளிர் காஞ்சிட்டுப் போனான்."

கணவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். "பேசாம உலையை மதில் மேல வெச்சிடு. கேஸாவது மிச்சம்." சிரிப்பு இருமலாக மாற, லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியூர் லோடுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் புகையில் ஜன்னல் திரை எரிந்தது. திரை ஜன்னலில்தான் தொங்கியது. அதற்கடுத்து மகளின் பள்ளிச் சீருடை, பிறகு அவளுடைய போர்வை. எல்லாம் வீட்டில், வைத்த இடத்தில், மடித்த மடிப்பில். போர்வையிலிருந்து ஓர் இழையை உருவிக் கொளுத்தினாள். சுருண்டது, கருகியது, சாம்பலாக உதிர்ந்தது. வாசனை மட்டும் வரவில்லை. அது ஏற்கெனவே எங்கோ எரிந்து முடிந்திருந்தது.

வெட்டுத்துணிகளை நனைத்து, ஜன்னல் இடுக்கிலும் கதவுக்கடியிலும் பூட்டுத் துவாரத்திலும் திணித்தாள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, இருட்டிக்கொண்டு வரும் அறையில் மகளை மடியில் சாய்த்து உட்கார்ந்தாள். ஈரத்துணியிலிருந்து நீர் சொட்டியது. மதிலுக்கு அப்பால் சருகு நொறுங்கியது. கழி உரசியது.

"அம்மா, இன்னிக்கு மூச்சு வாங்கவே இல்லம்மா."

உண்மைதான். விசில் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. எத்தனை நாளாயிற்று! மகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

அப்போது புகை வந்தது. ஈரத்துணியைத் தாண்டி, மெதுவாக.

முடி.

பட்டு இல்லை. முடி. எண்ணெய் தடவிய, பிஞ்சு முடி.

மகளின் உச்சந்தலையில் முகம் புதைத்தாள். ஒன்றுமில்லை. கழுத்தில். காதுக்குப் பின்னால். ஒன்றுமில்லை.

கத்தரியை எடுத்தாள். ஒரே ஒரு முடி. தீக்குச்சி.

சுருண்டது. கருகியது.

வாசனை இல்லை.

"ஏம்மா என் முடிய வெட்டுற?" என்று மகள் சிணுங்கினாள். அவள் மகளின் மூக்கின் கீழே விரலை வைத்தாள். காற்று வரவில்லை. மகள் விரலைத் தட்டிவிட்டுச் சிரித்தாள். அப்போதும் வரவில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கம் தீ மூச்சை இழுத்தது. விட்டது. முடிவில், சன்னமாக, ஒரு விசில்.

"ஏம்மா, உள்ள இருக்கியா?" போஸ்ட்மாஸ்டரின் குரல். இதுவரை கேட்டிராத கனிவு. "நீ இத்தனை தடவை கேட்டுட்டே. மனசு கேக்கல. அணைச்சிடறேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். புகை தொண்டையை அடைத்தது. கதவை இழுத்தாள். ஊறி உப்பிய துணியில் கதவு அசையவில்லை.

வெளியே குழாய் திறந்தது. வாளியில் தண்ணீர் விழத் தொடங்கியது.