ஒளிபவருக்குச் சாமர்த்தியம் போதாது

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருந்த சமையலறையில் குழாய் சொட்டியது. அதில் தப்பில்லை, பழைய குழாய் என்றால் சொட்டத்தான் செய்யும். ஆனால் இரண்டு சொட்டு அடுத்தடுத்து விழுந்து, ஒரு மூச்சு நேரம் நின்று, மூன்றாவது மட்டும் கனமாக ‘டப்’ என்று விழுகிற கணக்கு அவள் வீட்டுக் குழாயுடையது. ஹெட்போனைக் கழற்றினாள். வீட்டுச் சமையலறையிலும் ‘டப்’.

வீடியோ கேம் கம்பெனியில் குறை கண்டுபிடிப்பது அவள் வேலை. “சம்பளம் வாங்கிட்டு குத்தம் சொல்ற ஒரே ஆள் நீதான்” என்று இப்போது வெளியூர் போயிருக்கும் கணவன் சீண்டுவான். போன மாதம் ஆபீசில் எல்லோருக்கும் ஒரு படிவம் கொடுத்து, பிடித்த பொழுதுபோக்கு எது, கனவு விளையாட்டு எது என்று கேட்டார்கள். மற்றவர்கள் விண்வெளி, கார் ரேஸ் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அவள் எழுதியது நாலே வரி. பிடித்தது, மகளோடு கண்ணாமூச்சி. கனவு விளையாட்டும் அதுவே. சாதாரண வீடு, துப்பாக்கி கிடையாது, ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

“அக்கா, இதுக்கு கம்ப்யூட்டர் எதுக்கு, ஒரு கட்டில் போதுமே” என்று புரோகிராம் எழுதும் சோடாபுட்டி சிரித்தான்.

இன்று மதியம் அந்த விளையாட்டின் சோதனைப் பதிப்பு மெயிலில் வந்திருந்தது. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டிலிருந்தே வேலை. பட்டாணி என்று கூப்பிடும் அந்த ஐந்து வயது வாண்டு, உடம்பு அனலாய்க் கொதிக்க, “ஒரே ஒரு தடவ ஒளியும்மா, நான் எண்ணுறேன்” என்று காலையிலிருந்து நச்சரித்தது. பட்டாணி எண்ணினால் பன்னிரண்டு வராது. பதினொன்றிலிருந்து பதிமூன்றுக்குத் தாவுவாள். திருத்தினால், “அப்படி ஒண்ணு கெடையவே கெடையாது” என்று சண்டைக்கு வருவாள். வேலை முடியட்டும் என்று சொல்லி, மருந்து கொடுத்து, படுக்கையறையில் தூங்க வைத்துவிட்டு வந்திருந்தாள்.

திரையில் கூடத்தைத் தாண்டினாள். படுக்கையறை. துணி அலமாரி. இரண்டு விரல் இடைவெளி விட்டே நிற்கும், என்ன தள்ளினாலும் முழுதாகச் சாத்தாத அதே கதவு. திறந்தாள். உள்ளே முதுகைக் காட்டியபடி, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சின்னதாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

சோடாபுட்டியின் குறும்பாக இருக்கும், போன வருடம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன்தானே என்று தேற்றிக்கொண்டாள். மறுபடி ஆடினாள். அதே அலமாரி. ஆறு தடவையும் அதே அலமாரி. பழக்கதோஷம், கை தானாகக் குறையை எழுதி அனுப்பியது: ‘ஒளிபவருக்குச் சாமர்த்தியம் போதாது. தேடுபவர் சந்தேகமே படாத இடத்தில் ஒளிய வேண்டும்.’

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பதில் வந்தது: ‘சரிசெய்தாயிற்று.’

ஏழாவது தடவை அலமாரி காலி. கட்டிலுக்கடியில் இல்லை. கதவுக்குப் பின்னால் இல்லை. வீடு முழுக்கச் சல்லடை போட்டுச் சலித்தும் இல்லை. சோடாபுட்டிக்கு போன் போட்டாள்.

“யார்கிட்ட காது குத்துற? எங்க வீட்ட எதுக்குடா வரைஞ்ச?”

“எந்த வீடுக்கா?” அவன் குரலில் சிரிப்பு இல்லை. “உங்க கேம நாங்க இன்னும் தொடவே இல்லயே.”

போன் கையிலிருந்து நழுவியது. ஓடினாள்.

படுக்கையறையில் மழை இருட்டு. பட்டாணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். “அம்மா, வீட்டுக்குள்ள யாரோ இருக்காங்க.” அவளை வாரி எடுத்துத் திரும்பினாள், வாசலுக்கு ஓடிவிடலாம் என்று. அப்போது கூடத்திலிருந்து அது கேட்டது.

“ஒண்ணு... ரெண்டு... மூணு...”

பட்டாணியின் குரல். அப்படியே அச்சாக.

வாசலுக்குப் போக வேறு வழியில்லை. பிள்ளையோடு அலமாரிக்குள் நுழைந்தாள். துணிகளில் நாப்தலின் வாசம். குழந்தை கழுத்தைக் கட்டிக்கொண்டது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இவளை மட்டும் விட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

“பத்து... பதினொண்ணு... பதிமூணு...”

அடப்பாவி, அதைக்கூடப் படித்து வைத்திருக்கிறதே!

மடியில் இருந்தது அவள் காதருகே வாயை வைத்தது.

“பன்னெண்ட விட்டுட்டா.”

மெல்லக் கையைத் தூக்கி அதன் நெற்றியைத் தொட்டாள். காய்ச்சல் இல்லை. சூடே இல்லை. தரை மாதிரி இருந்தது.

“இருபது. வந்துட்டேம்மா!” ஒரு இருமல். காலையிலிருந்து கேட்ட அதே வறட்டு இருமல்.

இடுக்கு வழியே பார்த்தாள். போர்வையை இழுத்துக்கொண்டு, காய்ச்சலில் சிவந்த கண்களோடு பட்டாணி உள்ளே வந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். உதடு பிதுங்கியது.

“தோத்துட்டேம்மா. வெளிய வா.”

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. கழுத்தைச் சுற்றியிருந்த கைகளில் ஒன்று இறுகியது. மற்றது நீண்டது. இன்னும் நீண்டது. கதவின் விளிம்பைப் பிடித்தது.

இத்தனை வருடத்தில் முதல்முறையாக, அலமாரிக் கதவு முழுதாகச் சாத்திக்கொண்டது.