பைப் இல்லாத செடி

நஜீஹாவுக்குக் கோபம் வந்தால் காது சிவக்கும். அன்று மாலை இரண்டு காதும் சிவந்திருந்தன.

அமீரகத்து ராஸ் அல் கைமாவில் அவள் குடியிருந்த கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பாறைச் சரிவு. பாறை இடுக்கில் முட்செடி ஒன்று தொங்கியது. அதைப் பிடுங்கக் கடப்பாரையோடு நின்றார் தோட்டவேலை செய்யும் ரெங்கராஜ்.

“அண்ணே, அதத் தொடாதீங்க.”

“ஆர்டர் பாப்பா. பைப் போட்டதெல்லாம் செடி, பைப் இல்லாததெல்லாம் களை. ஐயப்பன் சூப்பர்வைசர் செக்கிங் வருவாரு.”

வாசலில் இருந்த காகிதப்பூ, புல் எல்லாவற்றின் காலடியிலும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் ஓடியது.

“அதெல்லாம் வெளியூர்ச் செடி. குழாயை மூடினா வாடிடும். இதுதான் இந்த ஊர்ச் செடி. பேரு லஸஃப். இலை வட்டமா, தடியா இருக்கா? காம்புக்கு அடியில ரெண்டு ரெண்டா கொக்கி முள் இருக்கா? பாறையிலதான் முளைக்கும். சாயங்காலம் வெள்ளையாப் பூத்து, காலையில வாடிடும். புத்தகத்துல போட்டிருக்கு.”

“முள்ளு தெரியும்.” ரெங்கராஜ் கீறல் விழுந்த கையைக் காட்டினார். “பூவப் பாத்ததில்ல. பொழுது சாயறதுக்குள்ள, நாங்க தங்கியிருக்கிற லேபர் கேம்ப் பஸ்ல ஏறிடுவேன். இதைப் பிடுங்கலைன்னா எனக்குத்தான் திட்டு.”

நஜீஹா பல்லைக் கடித்தாள். பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டு, களை என்பார்களாம். ஆனால் இவரைத் திட்டி என்ன பயன்? ஆர்டர் போட்டவர் வேறு ஆள்.

குப்பைத் தொட்டி அருகே பழைய குழாய்த் துண்டு கிடந்தது. அதை இழுத்து வந்து செடியின் அடியில் போட்டாள்.

“இப்ப பைப் இருக்கு. உங்கள யாரும் திட்ட முடியாது.”

ரெங்கராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு கடப்பாரையைக் கீழே வைத்தார்.

அன்று கேம்ப் பஸ் வழியில் பஞ்சரானதால், அதில் ஐயப்பன் வந்து சேர்வதற்குள் வெயில் இறங்கிவிட்டது. அவர் குனிந்து பார்த்தார்.

“பைப் இருக்கு, தண்ணி எங்கய்யா?”

ரெங்கராஜ் தலையைச் சொறிந்தார்.

“நான்தான் போட்டேன்,” என்றாள் நஜீஹா. “அந்தச் செடிக்குத் தண்ணி வேணாம். மழை இல்லாத வருஷத்துலயும் அது பாட்டுக்கு இருக்கும்.”

“அப்புறம் பைப் எதுக்கு?”

“உங்களுக்கு.”

ஐயப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மூக்குக்கு நேரே ஒரு மொட்டு மெல்லப் பிரிந்தது. வெள்ளை இதழ்களுக்கு நடுவிலிருந்து நீளநீளமாக இழைகள் எட்டிப் பார்த்தன.

“அட,” என்றார் அவர். “சரிய்யா. இது இருக்கட்டும். இனிமே யாரும் தொடக் கூடாது.”

“பஸ்ஸ ரெண்டு நிமிஷம் நிக்கச் சொல்லுங்க சார்,” என்று ரெங்கராஜும் குனிந்தார்.

இரண்டு பெரிய முதுகுகள். நஜீஹாவுக்குப் பூ தெரியவில்லை.

“ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க,” என்றாள் கோபமாக. “மறைக்குது.”

இருவரும் தள்ளி நின்றார்கள்.