முணுமுணுத்தவன் பெயர்

ரெக்கார்டரில் ஐந்து பேர் மூச்சு விட்டார்கள். படுக்கையும் அடுப்பும் வைத்த அந்த வண்டியில் இருந்ததோ நாலு பேர்.

பாடகன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி எண்ணினான். ஓட்டிக்கொண்டே கொட்டாவி விடும் டிரைவர், மேடையில் வராத தாளத்தைக் குறட்டையில் போடும் டிரம்மர், கித்தார் வாசிக்கும் மச்சினன், அப்புறம் அவன். ஐந்தாவது மூச்சு பின்படுக்கையிலிருந்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு மெட்டை முணுமுணுக்கத் தொடங்கியது. பின்படுக்கையில் படுப்பது அவன் ஒருவன்தான். ஆனாலும் மெட்டு அபாரம்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டியை விற்றவர்கள் விட்டுப்போன அந்த ரெக்கார்டர், அடுப்புக்கு மேல் கொக்கியில் தொங்கியபடி பயணம் முழுக்க ஓடும். யார் வாயில் மெட்டு வந்தாலும் நோட்டில் ஏறும். பக்கத்தில் முணுமுணுத்தவன் பெயர். இரண்டு வருஷமாகப் பாடகன் பெயர் அதில் இல்லை. ஊர் சுற்றினால் பாட்டு தானாக வரும் என்று இவன்தான் எல்லோரையும் வண்டியில் ஏற்றினான். மலை வந்தது, கடல் வந்தது, வயிற்றுப்போக்கு வந்தது, பாட்டு மட்டும் வரவில்லை. பயணம் முடிவதற்குள் ஒரு பாட்டாவது போடாவிட்டால் இனி மச்சினன் போடுவதைத்தான் பாட வேண்டும் என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். கித்தாரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று இவனிடம் கற்றுக்கொண்ட பயல்!

அதனால் மெட்டை எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டான்.

மறுநாள் இரண்டாம் வரி கிடைத்தது. அந்த மூச்சு இப்போது தலையணைக்கு அருகில். மூன்றாம் நாள் மூன்றாம் வரி, காதுக்குள்ளேயே. மூன்றுக்கும் தன் பெயர். மச்சினன் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க அவனுக்குச் சுகமாக இருந்தது. அன்று டிரைவர் மூன்று டீ மட்டும் வாங்கி வந்தான்.

"உன்னை மறந்தே போயிட்டேன்பா."

நாலு வரைக்கும் எண்ணத் தெரியாத ஜென்மங்கள், இதுகளோடு பாட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தான்.

கடைசி வரி பாக்கி. நாலாம் நாள் மதியம், பெருமழை. மூடிக் கிடந்த ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்திவிட்டு மற்ற மூவரும் குளியலறை தேடிப் போனார்கள். அவன் ரெக்கார்டரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் நமுத்த மெத்தை வாடையும் அடுப்பிலிருந்து கசியும் கேஸ் நாற்றமும் சூழப் பின்படுக்கையில் கிடந்தான். ஒரு முணுமுணுப்பும் கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் நிறுத்திவிட்டுப் போட்டுக் கேட்டான்.

மழை. அவன் மூச்சு. பிறகு அந்தக் குரல். கடைசி வரி. நோட்டில் எழுதினான். பெயரும் போட்டான்.

காதில் யாரோ "அப்பாடா" என்றார்கள்.

மெத்தை கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள். கதவு திறந்தது. மூடியது.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். ரெக்கார்டரும் கீழே விழுந்தது. கதவுப் படியில் ஈரம். வெளியே போகும் கால்தடம்.

கதவு மறுபடி நகர்ந்தது. மூவரும் நனைந்து ஏறினார்கள். அவன் எழப் பார்த்தான். உடம்பு அசையவில்லை. டிரம்மர் தலையைத் துவட்டி, ஈரத் துண்டைப் பின்படுக்கையில் விரித்தான். அவன் முகத்தின் மேல்.

"எல்லாரும் வந்தாச்சா?" டிரைவர் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, கிளம்பலாம்."

அவன் அலறினான். மச்சினனைப் பேர் சொல்லி அலறினான்.

மச்சினன் காதைத் தீட்டிக்கொண்டான். கீழே கிடந்த ரெக்கார்டரை எடுத்து ஓடவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து ஹெட்போனை மாட்டிக் கேட்டான். முகம் மெல்ல மலர்ந்தது.

நோட்டைத் திறந்தான். பாடகன் எழுதிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். கேட்ட மெட்டை எழுதி, பக்கத்தில் தன் பெயரைப் போட்டான்.

பின்படுக்கையில் அவன் இன்னும் அலறினான். தொண்டை கிழிய.

மச்சினன் கண்ணை மூடி, தொடையில் தாளம் போட்டான்.