வாய்க்கால் மேல் ஒரு மாதிரி வீடு

மாதிரி வீட்டின் ஹால் நனைந்திருந்தது.

முழுக்க இல்லை. வாசல் கதவிலிருந்து பின்கட்டுக் கதவு வரைக்கும், இரண்டடி அகலத்துக்கு, நூல் பிடித்தது போல நேராக. பீமராவ் ஷூவைக் கழற்றாமல் அதன் ஓரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கூரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இருக்கவும் வழியில்லை; இந்த வீட்டுக்கு இன்னும் தண்ணீர் இணைப்பே கொடுக்கவில்லை. பாத்ரூமில் பளபளக்கிற குழாய்களெல்லாம் வெறும் சுவரில் திருகி வைத்தவை. வீடு பார்க்க வருகிறவன் குழாயைத் திறந்து பார்க்க மாட்டான், தடவித்தான் பார்ப்பான் என்பது பீமராவின் இருபது வருஷ அனுபவம்.

"மூக்கா."

வாட்ச்மேன் மூக்கன் வாசல்படியில் வந்து நின்றான். அறுபது வயது. இதே நிலத்தில் குத்தகைக்குப் பூவன் வாழை போட்டிருந்தவன். நிலம் கைமாறியதும் போக்கிடம் இல்லாமல் இங்கேயே காவலுக்கு நின்றுவிட்டான். சேற்றில் கிடந்தவனுக்குத் தொப்பியும் விசிலும் கொடுத்ததை பீமராவ் பெரிய தர்மமாக நினைத்தார். வருகிறவர்களிடம் மூக்கனைக் காட்டிச் சொல்லவும் செய்வார்.

"எவன்யா இங்க தண்ணி ஊத்துனது?"

"யாரும் ஊத்தலைங்க. மத்தியானமும் இப்படித்தாங்க இருந்துச்சு. தொடச்சுட்டுத்தான் போனேன்."

"அப்ப தானா வந்துச்சா?"

மூக்கன் பழந்துணியும் வாளியும் கொண்டுவந்து, குந்தி உட்கார்ந்து துடைத்தான். பிழிந்த தண்ணீர் வாளிக்குள் கலங்கலாக, வண்டலோடு விழுந்தது.

"ஆத்துத் தண்ணிங்க இது."

"ஆமா, காவேரி உன்னையத் தேடி வீட்டுக்குள்ள வந்திருக்கா. சீக்கிரம் தொடை. அஞ்சரைக்குப் பார்ட்டி வருது."

"தொடச்சுட்டு நான் ரோட்டுப் பக்கம் போய் இருந்துக்கிறேங்க. வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இங்க இருக்க முடியலைங்க."

"ஏன்?"

"சத்தம் கேக்குதுங்க. மண்ணு வெட்டுற சத்தம்."

பீமராவ் பல் தெரியாமல் சிரித்தார். வாழ்நாளெல்லாம் மண்வெட்டி பிடித்தவனுக்கு வேறென்ன சத்தம் கேட்கும். போய்த் தொலை என்று கையை ஆட்டினார். மூக்கன் வாளியோடு இறங்கிப் போனான். போகிறபோது ஹாலுக்கு முதுகைக் காட்டாமல், பக்கவாட்டில் நடந்து போனதை பீமராவ் பார்த்தார். அதையும் சேர்த்து நாளைக்கு ஆபீசில் சொல்லிச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டார்.

ஆடிப்பெருக்கு முடிந்து நாலு நாள். ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி, ஒரு காலத்தில் வாழைத் தோப்பாக இருந்த பதினோரு ஏக்கரில் 'பொன்மணல் என்கிளேவ்' எழும்பிக்கொண்டிருந்தது. எண்பத்திரண்டு வில்லா. இப்போதைக்கு நிற்பது இந்த ஒரு மாதிரி வீடும், அதைச் சுற்றி முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டின மனைகளும்தான். விற்பனை முழுக்க பீமராவ் பொறுப்பு. மாடி பால்கனியில் நின்றால் ராஜகோபுரம் தெரியும். அதற்குத் தனி விலை. பெருமாளை வீட்டிலிருந்தே சேவிக்கலாம் என்று சொன்னால், ஆயுசு முழுக்கப் பேரம் பேசியே வாழ்ந்தவன்கூட வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவான். பீமராவுக்கு அவர்களைக் கண்டாலே இளப்பம். சுவரைத் தட்டிப் பார்க்கிறவன், வாஸ்து கேட்கிறவன், மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவன். தலையில் எதைக் கட்டினாலும் சுமந்துகொண்டு போகிற கூட்டம்.

ஏசியைப் போட்டார். மேஜை மேல் பிளாஸ்டிக் பழங்களை ஒழுங்குபடுத்தினார். ரூம் ஸ்பிரேயை நாலு மூலைக்கும் அடித்தார். மல்லிகை வாசனை ஹாலில் பரவி, ஒரு நிமிஷம் நின்று, அப்புறம் அதன் அடியிலிருந்து இன்னொரு வாசனை மெதுவாக எழுந்து வந்தது. ஈரமண். அழுகின வாழை மட்டை. வெயிலே படாத பள்ளத்தில், மட்டையும் சருகும் ஊறி ஊறிக் கிடக்கிற நெடி. மறுபடி ஸ்பிரே அடித்தார். மல்லிகை போய்விட்டது. அந்த நெடி நின்றது.

அப்போதுதான் கேட்டது.

சொத்.

காலுக்குக் கீழே, ஆழத்தில். கொஞ்சம் இடைவெளி. மறுபடி, சொத். நனைந்த மண்ணுக்குள் ஒரு தகடு இறங்கி, மண்ணைப் பெயர்த்து, பக்கத்தில் அறைந்து வைக்கிற சத்தம். அவசரமில்லாத ஆள் செய்கிற வேலை. பீமராவ் ஏசியை அணைத்தார். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். வீடு முழுக்க நிசப்தமானதும் அது இன்னும் தெளிவாகக் கேட்டது. சொத். ஒரு மூச்சு விடுகிற நேரம். சொத்.

எதிர்ச்சாரியில் எங்கோ அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டார். எதிர்ச்சாரியில் யாரும் இல்லை. ஆடி மாசம் பூமி பூஜை போட மாட்டேன் என்று மேஸ்திரி போய்ப் பத்து நாள் ஆகிவிட்டது.

இந்தச் சத்தத்தை அவர் முன்பும் கேட்டிருக்கிறார். இந்த வீட்டுக்கு அடியில் ஒரு வாய்க்கால் ஓடிக்கொண்டிருந்தது. சர்வே வரைபடத்தில் நீலக்கோடாக இருந்ததை, ஆறு மாசம் நடையாய் நடந்து, விளம்பரப் புத்தகத்தில் பச்சை நிற 'வாக்கிங் டிராக்' ஆக்கியது பீமராவ்தான். வாய்க்காலின் கடைசியில் வீரமலை என்றொருவனுக்கு இரண்டு ஏக்கர் வாழை இருந்தது. விற்க மாட்டேன் என்றான். பீமராவ் பேசப் போனபோதெல்லாம் வாய்க்காலுக்குள் இறங்கி மடை வெட்டிக்கொண்டே, நிமிராமல் பதில் சொன்னான். ஏறி வந்து முகம் பார்த்துப் பேசக்கூட ஒருவனுக்கு மரியாதை தெரியவில்லையே என்று பீமராவுக்கு அடிவயிறு எரிந்தது. தண்ணீர் நின்றால் தானாக வருவான் என்று முதலாளியிடம் சொன்னார்.

ஒரே ராத்திரியில் இடிபாட்டு மண் கொட்டி மூடினார்கள். ஏழாவது லாரிக்காரன் பின்பக்கமாக வந்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். "சார், உள்ள டார்ச் லைட்டு மாதிரி தெரியுதுங்க. யாரோ இருக்காப்ல" என்றான். பீமராவ் காருக்குள்ளிருந்து கண்ணாடியை இறக்கி, "தண்ணியில நெலா தெரியும்யா, கொட்டு" என்றார். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள்.

வீரமலையின் பெண்டாட்டி இருசம்மாள் பதினோரு நாள் ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். ராத்திரி தண்ணி பாய்ச்சுற முறைன்னு மண்வெட்டியோட போனாருங்க, நீங்க யாராச்சும் பாத்தீங்களா என்று கேட்டாள். சேற்றுக்காலோடு டைல்ஸில் ஏறாதே என்றுதான் பீமராவ் முதலில் சொன்னார். அப்புறம், "எங்கயாவது போயிருப்பாரும்மா, திருப்பூர்ப் பக்கம் விசாரி" என்றார். பன்னிரண்டாம் நாள் அவள் வரவில்லை. அவருக்கு அது நிம்மதியாகக்கூட இல்லை, நினைவிலேயே நிற்கவில்லை.

வாசலில் கார் ஹாரன் கேட்டதும் பீமராவுக்கு உடம்பெல்லாம் வேர்த்திருந்தது தெரிந்தது. சத்தம் நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார்.

துறையூரில் உரக்கடை வைத்திருக்கிற செந்தமிழன், அவர் மனைவி மகாலட்சுமி, காலேஜில் படிக்கிற மகள் ரஞ்சனி. டோல்கேட்டில் ஒரே நெரிசல், அதான் லேட் என்றார் செந்தமிழன். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. மூட்டை தூக்கினவன் கையில் நாலு காசு வந்ததும் பெருமாள் பக்கத்தில் குடியேற ஆசை என்று பீமராவ் மனசுக்குள் எடை போட்டார். அப்படி நினைக்க முடிந்ததே அவருக்குத் தெம்பாக இருந்தது.

"வாங்க சார், வாங்க மேடம். செருப்போட வரலாம், பரவால்ல."

"வேணாங்க, வீடு மாதிரி இருக்கு" என்று மகாலட்சுமி செருப்பை வெளியே விட்டாள். மூன்று பேரும் வெறுங்காலோடு உள்ளே வந்தார்கள். நாலடி வைத்ததும் அவள் நின்றாள். "இது என்னங்க, இவ்ளோ ஈரமா இருக்கு?"

பீமராவ் பார்த்தார். மூக்கன் துடைத்த இடம் முழுக்க மறுபடி நனைந்திருந்தது. இப்போது ஓரங்களில் தண்ணீர் மெல்ல அசைந்தது.

"இப்பத்தான் மாப் போட்டோம் மேடம்."

செந்தமிழன் குனிந்து, தலையைச் சாய்த்துக் கேட்டார். "கீழ தண்ணி ஓடுதே சார்."

"டிரெய்னேஜ் பைப் சார் அது."

"பைப்புல இப்படிச் சத்தம் வராதுங்க. நானும் வாழைக்காட்டுல வளந்தவன்தான். இது வாய்க்கா." குறை சொல்கிற குரல் இல்லை. ரொம்ப நாள் கழித்துப் பிடித்த எதையோ கேட்கிற குரல். அவர் ஈரத்துக்குள் காலை எடுத்து வைத்தார். "ஜில்லுனு இருக்கு. மகா, நீயும் வந்து நில்லேன்."

மகாலட்சுமி போய் நின்றாள். ரஞ்சனி செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

பட்டிக்காட்டு ஜென்மங்கள் என்று நினைத்துக்கொண்டு பீமராவ், "மேல பால்கனியில இருந்து ராஜகோபுரம் தெரியும் சார், இருட்டுறதுக்குள்ள பாத்துருங்க" என்றார். யாரும் அசையவில்லை. "நான் போய்க் கதவைத் தெறந்து வைக்கிறேன்" என்று மாடி ஏறினார். ஏறியது கதவு திறக்க இல்லை. அந்த ஹாலில் ஒரு நிமிஷம் இல்லாமல் இருக்க வேண்டும் போலிருந்தது.

பால்கனியில் காற்று இல்லை. கிழக்கே தென்னந்தலைகளுக்கு மேலே கோபுரம் சாம்பல் நிறத்தில் நின்றது. கீழே முளைக்குச்சி அடித்த மனைகள் எல்லாவற்றிலும் தண்ணீர் நின்றது. வந்தபோது காய்ந்து வெடித்துக் கிடந்த மண். இப்போது ஒவ்வொரு மனையும் ஒரு பாத்தியாக, வரப்பு கட்டி, மடை திறந்து, கடைசி விளிம்பு வரைக்கும் தண்ணீர் பாய்ச்சிய வயலாகக் கிடந்தது. ரோட்டோரத்தில் மூக்கன் நின்றுகொண்டிருந்தான். இந்த வீட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். பீமராவ் கையை அசைத்தார். மூக்கன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.

கீழே, ஹாலில், சொத்.

இப்போது ஆழத்தில் இல்லை. தரைக்கு மேலே.

போய்விட வேண்டும். படி இறங்கி, வாசல், கார். அவ்வளவுதான். கரண்ட் போயிருந்தது. கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினார். கடைசிப் படியில் கால் வைத்தபோது டைல்ஸ் இல்லை. சேறு. ஷூ கணுக்கால் வரை இறங்கியது. இழுத்தார். ஷூ வரவில்லை, கால் மட்டும் வந்தது. அடுத்த காலையும் அப்படியே உருவினார். வெறுங்காலோடு நாலு எட்டு வைத்தார்.

"சார்," என்றார். "செந்தமிழன் சார்."

வாசல் கதவு திறந்திருந்தது. அந்தி வெளிச்சத்தில் அவர்கள் தெரிந்தார்கள். மூன்று பேரும் அதே இடத்தில், ஒரே வரிசையில், சம இடைவெளி விட்டு நின்றார்கள். முழங்கால் வரைக்கும் மண்ணுக்குள். அவர்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்து ஓடியது. முகத்தில் வலி இல்லை. பயம் இல்லை. தாகம் தீர்ந்த முகங்கள்.

சொத். ரஞ்சனியின் காலடியில் ஒரு வெட்டு மண் வந்து விழுந்தது. போட்டவர் யாரும் இல்லை. விழுந்த மண் தானாகவே அவள் காலைச் சுற்றிக் குவிந்து, இரண்டு உள்ளங்கைகள் அழுத்தியது போல இறுகியது. வாழைக்கு மண் அணைக்கிற மாதிரி. பதமாக.

சொத். மகாலட்சுமிக்கு.

பீமராவ் ஓட நினைத்தார். வலது கால் எழவில்லை. இடது காலும். குனிந்து பார்த்தார்.

சொத்.

கணுக்காலைச் சுற்றி ஈரமண் விழுந்தது. குளிர்ந்த எதுவோ அதைத் தட்டியது. ஒரு பக்கம். மறுபக்கம். நிதானமாக. சரியாக நிற்கிறாரா என்று முழங்காலைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தது.

நிமிர்ந்தார். மகாலட்சுமி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல அவள் உதடுகள் பிரிந்தன. பேச்சு வரவில்லை. நாக்கு இருக்க வேண்டிய இடத்திலிருந்து, வெளிர்ப்பச்சையாக, இறுகச் சுருண்ட ஒரு குருத்து நுனி நீட்டியது. விரல் நீளம். முழ நீளம். அவள் தலை மெல்லப் பின்னால் சாய்ந்து அதற்கு வழி விட்டது. பக்கத்தில் ரஞ்சனியின் தலையும் சாய்ந்தது. செந்தமிழனின் வாயில் ஏற்கெனவே ஒன்று விரியத் தொடங்கியிருந்தது. புத்தம் புது இலை, ஈரப் பளபளப்போடு, வாசல் வெளிச்சத்தைப் பார்த்து.

மூக்கா என்று கத்துவதற்கு பீமராவ் வாயைத் திறந்தார்.

தொண்டைக்குள் ஏதோ குளுமையாக மேலேறி வந்து, பற்களை உள்ளிருந்து தொட்டது.