நாற்பது டிகிரி

கதவைத் திறந்ததும் முகத்தில் மோதிய காற்று, அடுப்புக் காற்றைப் போல் இல்லை. யாரோ மிக அருகில் நின்று வாயால் ஊதியது போல ஈரமாக இருந்தது.

"இன்னாடி இது, இப்டி வேவுது?" என்றாள் காஞ்சனா.

"ஹீட்டர் போட்டுகினு யோகா செய்றதுதான் இங்க விசேஷம். முதுகு வலி ஓடிப்பூடும், வா," என்றாள் பிரியங்கா.

பிரியங்கா அவளுடன் தடா பக்கத்துச் செல்போன் கம்பெனியில் ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவள். நின்று நின்று காஞ்சனாவின் முதுகு போனது, வேலையும் போனது. குவைத்திலிருக்கும் கணவன் திருப்பதியில் வீடு பிடித்துக் கொடுத்திருந்தான். அந்த வீட்டில் தனியாகக் கிடப்பதற்கு இது தேவலை என்றுதான் வந்தாள்.

ஜன்னல்களைத் தெர்மகோல் வைத்து அடைத்திருந்த மூன்றாம் மாடி அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. ரப்பர் பாயின் நெடியும் பழைய வியர்வையும் தொண்டைக்குள் இறங்க, பத்துப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து அவளும் வளைந்தாள், நிமிர்ந்தாள். கண்ணில் உப்பு எரிந்தது.

"எனக்கு மூச்சு முட்டுது சார்."

"பர்வாலேதம்மா, ஒண்ணும் ஆகாது," என்றார் மாஸ்டர் வெங்கடரமணன். "எல்லாரும் படுங்க. கண்ண மூடுங்க. நான் சொல்ற வரிக்கும் எழுந்திருக்கக் கூடாது."

விளக்கு மங்கியது. கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

சுற்றிலும் மூச்சு. எல்லோருடையதும் ஒரே தாளத்தில், நீளமாக, ஒரே ஆள் விடுவது போல. அந்தத் தாளத்துக்குள் தன் மூச்சும் நழுவிப் போவதை உணர்ந்து காஞ்சனா கண்ணைத் திறந்தாள்.

மாஸ்டர் இல்லை.

"ஏ பிரியங்கா. போலாண்டி."

பிரியங்காவின் கையைத் தொட்டாள். அந்த வேக்காட்டில், கை கிணற்று நீர் போலச் சில்லென்றிருந்தது. மார்பு ஏறவில்லை. பக்கத்துப் பாயைப் பார்த்தாள். அடுத்ததையும். ஒரு மார்பும் அசையவில்லை.

மூச்சுச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது. விலகியது. படர்ந்தது. தெர்மகோல் புடைத்து அடங்கியது. காலடியில் தரை மெல்ல ஏறி இறங்கியது.

கதவுக்கு ஓடினாள். பிடி சுட்டது. இழுத்தாள். வரவில்லை. அறை நீளமாக உள்ளிழுத்தது. அவள் நெஞ்சிலிருந்த காற்று அவளைக் கேட்காமலே வெளியே போனது.

சார், கதவத் தெறங்க.

வாய்தான் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பின்னால் பாய்களில், படுத்தபடியே, வாய்கள் திறந்தன. பிரியங்காவின் வாய் முதலில். பிறகு மற்றவை. எல்லா வாயிலிருந்தும், நிதானமாக, காஞ்சனாவின் குரல் வந்தது.

"சார், கதவத் தெறங்க."