நாக்கில் ஒட்டிய சில்லு

மூன்று நாள் வெயிலில் காயவைத்த சில்லு ஈரமாக இருந்தது. ரோஸ்லின் அதை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் கசிந்தது.

மரக்காணம் பக்கம் அகழாய்வுக்குத் தோண்டும் குழியில் கிடைத்த பானைச் சில்லுகளில் எது ரோமானியச் சாடி, எது உள்ளூர்ப் பானை என்று பிரிப்பதுதான் அவள் வேலை. கைக்குழந்தைக்காரி என்பதால் திண்டிவனத்து வாடகை வீட்டிலேயே வைத்துப் பார்க்க விட்டிருந்தார்கள். சில்லின் ஓரத்தை உடைத்து நனைத்தால் உள்ளே கறுமணல் துலங்கும். துலங்கினால் ரோமானியச் சாடி. ஓரத்தை உடைத்தாள், உள்ளே மட்டும் காய்ந்திருந்தது. தண்ணீர் அடுப்படியில் இருந்தது. எழுந்து போகச் சோம்பல், வேறென்ன. நாக்கை நீட்டி நக்கினாள்.

சில்லு நாக்கைப் பிடித்துக்கொண்டது. இழுத்தபோது தோல் பிய்ந்து வந்தது, கூடவே உப்பும், வெயிலில் கிடந்த மத்திக் குடலின் நாற்றமும், அதற்கும் அடியில் இனிப்பாக ஏதோ ஒன்றும் தொண்டைக்குள் வழுவழுவென்று இறங்க, துப்புவதற்குள் விழுங்கிவிட்டாள். கறுமணல் மினுங்கியது. ரோமானியச் சாடிதான். மீன் குடலை உப்பிட்டு மாதக்கணக்கில் அழுகவைத்த சாற்றை அடைத்து வந்த சாடி. ச்சீ.

பல் தேய்த்தாள், எலுமிச்சம்பழத்தைக் கடித்தாள், விரலை விட்டு வாந்தி எடுத்தாள். நாற்றம் வாயில் இல்லை, இன்னும் உள்ளே எங்கேயோ இருந்தது. சாயங்காலத்துக்குள் வியர்வையிலும் தலையணையிலும் அதே வாடை. தன் உடம்பே அவளுக்குக் குமட்டியது.

மூன்று மாதப் பாப்பா ஜெசிந்தா அன்றிலிருந்து பால் குடிக்கவில்லை. மார்பருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பி வீறிட்டது. புட்டிப்பாலையும் கக்கியது.

"நேத்து காலைலேர்ந்து ஒரு வாய் எறங்கல. அழக்கூடத் தெம்பு இல்ல பாரு," என்றான் மறுநாள் மத்தியானம் அவள் கணவன் மரிய அருண், மூக்கைப் பொத்திக்கொண்டு. "பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிடலாம். நான் ஆட்டோ இட்டுக்கினு வர்றேன்."

"ஜல்தி வாங்க. எனக்குப் பயமா கீது."

அவன் போனான். பாப்பா மடியில் துவண்டு கிடந்தது. ரவிக்கை நனைந்தது.

பாப்பா அசைந்தது. மோந்தது. கவ்விக்கொண்டது.

குடித்தது. மடக் மடக்கென்று குடித்தது. ரோஸ்லினுக்கு அழுகையே வந்துவிட்டது. "குடிடா கண்ணு, குடி."

மடி பிசுபிசுத்தது.

குனிந்து பார்த்தாள். பாப்பாவின் மோவாயில் பழுப்பாக வழிந்தது. கெட்டியாக. உதட்டோரம் ஒரு மீன் செதிள்.

பாப்பாவை மார்பிலிருந்து இழுத்தாள். வரவில்லை. ஒட்டிக்கொண்டிருந்தது.

சுண்டுவிரலை விட்டு நெம்பினாள். பாப்பாவின் வாய் மார்புத் தோலோடு பிய்ந்து வந்தது.

பாப்பாவின் சின்ன நாக்கில் கறுமணல் மினுங்கியது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பா இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தது.